லிஃப்டுக்காரரின் பன்னிரண்டு தட்டுகள்

அப்பா சமையலறைப் பஞ்சைப் பிழிகிறார். உதறுகிறார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறார், மறுபடியும் பிழிகிறார். சொட்டு நிற்கும்வரை விடமாட்டார். பிறகு ஓர் அட்டைத் துண்டில் தேதி எழுதி, மெல்லிய செப்புக் கம்பியால் பஞ்சின் மூலையில் கட்டுகிறார். பயன்பாட்டுக்கு எடுத்த தேதி, கழற்றிய தேதி இரண்டும் அட்டையில் இருக்கும். சன்னலோரக் கொடியில் கவ்வி மாட்டிக் காயவிட்டு, மறுநாள் தகரப் பெட்டிக்குள் வைப்பார். பாத்திரம் தேய்த்துத் தேய்ந்த பழைய பஞ்சு. வேறு வீட்டில் குப்பைக்குப் போயிருக்கும்.

"கழட்டுன பார்ட்டை உடனே தூக்கிப் போடக் கூடாது. கம்ப்ளெயிண்ட் மூடுற வரைக்கும் வச்சிருக்கணும்."

அப்பா முப்பத்து நான்கு ஆண்டுகள் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. சுற்றுவட்டாரத்தில் இன்னும் "லிஃப்டுக்காரர்" என்றுதான் பெயர். தொழில் அவரை விட்டு இறங்கவில்லை. ஃப்ரிட்ஜ் ஓடும் சத்தத்தைக் காது வைத்துக் கேட்பார். யார் வீட்டுக்குப் போனாலும் கதவின் விளிம்பில் உள்ளங்கையை வைத்துப் பிடித்துக்கொண்டு, கடைசி ஆள் உள்ளே போகும்வரை நிற்பார். தானாகவே திறந்து மூடுகிற கதவுகள் வந்து எத்தனையோ காலமாகிவிட்டது. அவர் நம்புவது கையைத்தான். "சென்சார் தூங்கும். கை தூங்காது."

இன்னொரு விதியும் உண்டு. பழுது பார்த்த லிஃப்டில் முதலில் ஏறுகிறவன் மெக்கானிக். காலி லிஃப்டில் அவன் தனியாகப் போய் வந்த பிறகுதான் மற்றவர்களை ஏற்றலாம்.

சமையலறை அவருக்குத் தாமதமாக வந்த வேலை. அம்மாவுக்குக் கீமோ தொடங்கிய பிறகு எட்டு மாதம் அவர்தான் சமைத்தார். அடுப்புக்கு மேலே அட்டவணை ஒட்டினார்: தினசரி, வாராந்திரம், மாதாந்திரம். சர்வீஸ் ஷெட்யூலாம். அம்மா படுத்த இடத்திலிருந்தே மேற்பார்வை பார்ப்பார். "உப்பு டப்பாவை அப்படி முறுக்கி மூடாதீங்க. எனக்குப் பத்தியச் சாப்பாடுதான், இன்னும் பயில்வான் சாப்பாடு ஆரம்பிக்கல." அப்பா போய் மூடியைக் கால் சுற்று தளர்த்திவிட்டு வருவார்.

அம்மா இறந்து நான்கு மாதம் ஆகிறது. ரத்தத்தில் கிருமி. மருத்துவர்கள் சொன்ன பெயர் ஈ.கோலை. மருத்துவமனையில் சேர்த்த அன்று, படிவம் நிரப்பிய இளம் மருத்துவர் அப்பாவிடம் பல கேள்விகள் கேட்டார். அதில் ஒன்று: "வீட்டுல சமையலறை சுத்தமா இருக்குமா?" எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான். பதிலுக்குக் காத்திருந்து, எழுதிக்கொண்டு, அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டார். அப்பா அந்தக் கேள்வியிலேயே நின்றுவிட்டார்.

அன்றிலிருந்து அவர் தம் கையால் யாருக்கும் ஒரு வாய் கொடுத்ததில்லை. சமைப்பார், தாம் மட்டும் சாப்பிடுவார். நான் போனால் உறை பிரிக்காத பிஸ்கட், மூடி திறக்காத தண்ணீர் பாட்டில். சமையலறை வாசலில் கையைக் குறுக்கே நீட்டி நிற்பார், பழுதான லிஃப்டின் முன் நிற்பதுபோல.

அவருடைய தங்கை, என் அத்தை, தையல் கடை வைத்திருக்கிறார். ஞாயிறுதோறும் வருவார். வாய்க்கு அளவெடுத்துத் தைக்கத் தெரியாதவர்.

"அண்ணே, உன் வீட்டுக்கு வர்றதும் பேங்குக்குப் போறதும் ஒண்ணுதான். உக்காரச் சொல்வாங்க, ஒண்ணும் தரமாட்டாங்க."

"பிஸ்கட் இருக்குல்ல?"

"அதைத் தின்னு தின்னு எனக்கே உறை மாட்டுன மாதிரி இருக்கு."

நான் உணவுப் பரிசோதனைக் கூடத்தில் நுண்ணுயிர் பிரிவில் வேலை செய்கிறேன். ஹோட்டல் சமையலறைகள், பால் பண்ணைகள், பள்ளி உணவுக்கூடங்கள். பதினொரு வருடமாக மற்றவர்களின் சமையல் மேடைகளைத் துடைத்துச் சோதித்திருக்கிறேன். எங்கள் வீட்டு மேடையைத் தொட்டதில்லை.

ஒரு ஞாயிறு அப்பா ஒரு வரைபடத்தை என் முன் விரித்தார். சமையலறையின் மேல்தோற்றம். அளவு போட்டு, எண் போட்டு, பதினோரு இடங்களில் சிவப்பு வட்டம்.

"ஃபால்ட் இருந்தா அதுக்கு ஒரு இடம் இருக்கும். இடமே இல்லாத ஃபால்ட் உலகத்துல கிடையாது. தேடிடலாமா?"

கண்ணில் ஒரு வெளிச்சம். நான்கு மாதத்தில் முதல் முறை.

"ஒப்பிட்டுப் பார்க்க ஒண்ணு வேணும்பா. கழிப்பறை இருக்கையையும் சேர்த்துக்கலாம். பன்னெண்டு தட்டு."

ஆய்வகத்தில் கிருமி வளர்க்கிற கண்ணாடி போன்ற வட்டக் கிண்ணத்துக்குத் தட்டு என்றுதான் பெயர். கூடத்தில் உட்கார்ந்திருந்த அத்தைக்கு அந்தச் சொல் மட்டும் கேட்டது.

"அப்பாடா! பன்னெண்டு தட்டு விருந்தா? எனக்கு எத்தனாவது?"

விளக்கியதும் முகம் தொங்கியது. "கிருமிக்கு ஆளுக்கொரு தட்டு. கூடப் பிறந்தவளுக்குப் பிஸ்கட்."

மாதிரி எடுக்கும் முறை எளியது. ஈரப்படுத்திய பஞ்சுக் குச்சியால், பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் இடத்தைக் குறுக்கும் நெடுக்கும் தேய்க்க வேண்டும். அப்பா இரும்பு அளவுகோல் கொண்டுவந்து ஒவ்வோர் இடத்தையும் அளந்து கொடுத்தார். நான் ஒன்பதரையில் நிறுத்தினால் இருமுவார். நடுவே பந்தயமும் கட்டினார்.

"அழுக்குல முதல் இடம் குப்பைத் தொட்டி மூடி. ரெண்டாவது சிங்க் ஓட்டை. எழுதிக்கோ."

"தோத்தா?"

"ஒரு வாரத்துக்கு உன் மொபைலை நான் துடைக்கிறேன். அதையும் ஒரு தட்டுல போட்டா நீ அழுதுடுவே."

மேலதிகாரியிடம் அனுமதி வாங்கி, தேதி முடியப்போகிற தட்டுகளைப் பயன்படுத்தினேன். ஒரு நாள் முழுக்க உடல் சூட்டளவுள்ள பெட்டியில் வைத்தாயிற்று. மறுநாள் மாலை படம் அனுப்புகிறேன் என்றேன். அவர் கேட்கவில்லை. இரண்டு பஸ் மாறி வந்துவிட்டார்.

வெளியாள் ஆய்வகத்துக்குள் வர முடியாது. நடைபாதையில் ஒரு பெரிய கண்ணாடிச் சுவர் இருக்கிறது. அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். இருவர் காதிலும் போன். கண்ணாடியில் மூக்கு படும்படி நின்றார். மூச்சு படிந்து மங்கியது. சட்டைக் கையால் துடைத்துவிட்டு மீண்டும் ஒட்டிக்கொண்டார்.

முதல் தட்டைத் தூக்கினேன்.

"ஒம்போதே புள்ளியா? எது?"

"குப்பைத் தொட்டி மூடி."

"பொய்!"

"எப்பவும் காஞ்சு கிடக்குது. ஈரம் இல்லாத இடத்துல அதுங்களால பெருக முடியாதுப்பா."

அடுத்த தட்டில் நான்கு புள்ளி.

"இது?"

"கழிப்பறை இருக்கை."

"அப்போ அங்கயே சமைச்சிடலாம்ங்கிற!"

காவலாளி திரும்பிப் பார்த்தார். அப்பா அவரையும் கூப்பிட்டுக் கண்ணாடி ஓரம் நிறுத்திக்கொண்டார். "பாருங்க சார், எங்க வீட்டுது" என்றார், பேத்தி பிறந்த அறை வாசலில் நிற்பவர்போல.

மூன்றாவது தட்டில் எண்ண எதுவும் இல்லை. புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, தட்டு முழுக்க ஒரே ஆடையாகப் படர்ந்திருந்தது.

"அடேங்கப்பா! இது சிங்க்தானே?"

"பஞ்சு."

"எந்தப் பஞ்சு?"

"பாத்திரம் தேய்க்கிற பஞ்சு."

"அதாலதானேம்மா மத்ததெல்லாம் கழுவுறேன்!"

அதற்கு அடுத்த தட்டு குழாய்ப்பிடி. அதுவும் மோசம். அவர் நம்பவில்லை. குழாயைவிடச் சுத்தமான பொருள் வீட்டில் உண்டா? நாளெல்லாம் தண்ணீரில் இருக்கிறதே.

"கோழியை அலசுறீங்க. அதே கையால குழாயைத் திறக்குறீங்க. சோப்புப் போட்டுக் கழுவுறீங்க. கழுவின கையால அதே பிடியை மூடுறீங்க."

அவர் காற்றில் ஒரு குழாயைத் திறந்து மூடிப் பார்த்தார். பிறகு கண்ணாடியில் ஓங்கித் தட்டினார்.

"அழுக்குக் கை திறக்குது, சுத்தக் கை மூடுது! டிசைன் தப்பும்மா! ஆள் தப்பே இல்ல, டிசைன் தப்பு!"

எனக்கும் உடம்பு முழுக்கப் பரபரப்பு. பதினொரு வருடத்தில் என் தட்டுகளை இப்படி யாரும் பார்த்ததில்லை.

அப்போதுதான் அவர் பஞ்சின் தட்டைச் சுட்டினார். "ஆமா, ஓரத்துல நீலமா இருக்கே, அது என்ன?"

அந்தத் தட்டில் நீல நிறம் காட்டுகிற கிருமி ஒன்றுதான். சொன்னேன். "ஈ.கோலை."

அவர் கை கண்ணாடியிலிருந்து இறங்கியது. போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, காவலாளியிடம் ஏதோ சொல்லிவிட்டுப் படியிறங்கினார். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் இருந்தது.

அடுத்த இரண்டு வாரம் பேச்சைக் குறைத்து வேலையைக் கூட்டினார். சைக்கிள் பிரேக் கம்பி ஒன்று, பழைய லிஃப்ட் கதவின் சுருள்வில் ஒன்று, ஒரு இரும்புத் தகடு. சமையலறைக் குழாய் இப்போது காலால் மிதித்தால் திறக்கிறது, காலை எடுத்தால் மூடுகிறது. கை படவே வேண்டாம். இரண்டு வெட்டுப்பலகை: பச்சைப் பட்டை காய்க்கு, சிவப்புப் பட்டை இறைச்சிக்கு. துடைக்கும் துணிகள் தினம் கொதிநீரில். பஞ்சு வாரம் ஒன்று. கை கழுவ இருபது விநாடி என்று சொல்லியிருந்தேன். அவர் அதை மாடிக் கணக்காக மாற்றிக்கொண்டார். "தரைத்தளம், ஒண்ணு, ரெண்டு, மூணு…" என்று சோப்பு நுரையோடு மேலே போவார். இருபதாவது மாடி வந்த பிறகுதான் மிதிகட்டையை அழுத்துவார். யாராவது பேச்சுக் கொடுத்தால் மறுபடி தரைத்தளம்.

அத்தை வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். "இது என்ன அண்ணே, தையல் மிஷினா? மிதிச்சா தண்ணி வருமா, ஜாக்கெட் வருமா?"

"உள்ள வராதே."

"குழாய் மாத்தியாச்சு, பலகை மாத்தியாச்சு. இன்னும் என்ன?"

"டெஸ்ட் முடியல."

அன்று தகரப் பெட்டியை என் மடியில் வைத்தார். உள்ளே பஞ்சுகள், செப்புக் கம்பியோடும் தேதியோடும் வரிசையாக. அம்மா படுத்த மாதத்திலிருந்து ஒன்றுகூட விடுபடவில்லை. அதிலிருந்து ஒன்றை எடுத்தார். அட்டையில் கழற்றிய தேதியாக இருந்தது அம்மாவை மருத்துவமனையில் சேர்த்த தேதி.

"அன்னிக்குக் காலையில கஞ்சிக் கிண்ணம் கழுவினது இதாலதான். இதைப் போடு தட்டுல."

என் வேலையில் இப்படி ஒரு மாதிரி கிடைப்பதில்லை. இடம், தேதி, எடுத்தவர் கையெழுத்து எல்லாம் இருந்தது. பெரிய தொழிற்சாலைகளே இவ்வளவு ஒழுங்காக அனுப்புவதில்லை. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். எனக்கு வந்தது ஆசையா பயமா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

மறுநாள் பஞ்சின் ஒரு மூலையை வெட்டித் திரவத்தில் ஊறவைத்தேன். இரண்டு நாள் ஓட்டினேன். முதல் சோதனையில் பஞ்சின் தட்டில் கிடைத்த நீலப் புள்ளியையும் தனியாக எடுத்து வளர்த்து, எந்தெந்த மருந்துக்குச் சாகிறது என்று பார்த்தேன். யாரும் கேட்காத சோதனை. அடுத்து வந்த ஞாயிறு, அத்தை வருமுன், கூடத்தில் அப்பாவின் எதிரே உட்கார்ந்தேன்.

"பழைய பஞ்சுல நீலம் இல்லப்பா. வெள்ளையா, சுருக்கம் விழுந்த மாதிரி ஒண்ணுதான் வந்திருக்கு. அது மண்ணுலயும் தூசியிலயும் இருக்கிறது. காஞ்சாலும் தாங்கும்."

"ஈ.கோலை காஞ்சா தாங்குமா?"

"தாங்காது. அனேகமா செத்துடும்."

"அப்போ அன்னிக்கு இருந்து, அப்புறம் செத்திருக்கலாம்."

"இருக்கலாம்."

"அப்போ இல்லன்னு சொல்ல முடியாது."

"முடியாது."

தலையசைத்தார். நல்ல மெக்கானிக்கை ஏமாற்ற முடியாது.

நான் பையைத் திறந்து மருத்துவமனை அறிக்கையை எடுத்தேன். அம்மாவின் ரத்தப் பரிசோதனை. நான்கு மாதமாக என் பையிலேயே இருக்கிறது.

"இதை ஏன் காட்டல?"

"நீங்க கேக்கல."

"நீ சொல்லல."

இரண்டும் உண்மை. அந்தப் பெயர் எங்கள் வீட்டுப் பஞ்சிலும் இருக்கும் என்று எனக்கு முன்பே தெரியும். எந்த வீட்டுப் பஞ்சிலும் இருக்கும். அந்தப் பெயரைத் தாளிலும் பார்த்தால் அவர் என்ன முடிவுக்கு வருவார் என்றும் தெரியும்.

அறிக்கையில் பதினான்கு கிருமிக்கொல்லி மருந்துகளின் பட்டியல். பதினொன்றுக்கு எதிரே "பலனில்லை" என்பதற்கான எழுத்து. பக்கத்தில் என் தாளை வைத்தேன். அதே பதினான்கு மருந்து. எல்லாவற்றுக்கும் செத்திருந்தது.

"பேர் ஒண்ணுதான். ஆள் வேறப்பா. நம்ம பஞ்சுல இருக்கிறது மருந்தையே பார்க்காதது. அம்மா ரத்தத்துல இருந்தது பதினொரு மருந்தைப் பார்த்துத் தேறினது. வீட்டுப் பஞ்சுல அப்படி ஒண்ணு தேறுறது ரொம்ப அபூர்வம். அம்மா எட்டு மாசம் எவ்வளவு ஆன்டிபயாடிக் எடுத்தாங்க? அவங்க குடலுக்குள்ள அதுபாட்டுக்கு இருந்தது, ஒவ்வொண்ணா பழகிக்கிச்சு. கீமோல குடல் சுவர் மெலிஞ்சு போச்சு. டாக்டரும் இதையேதான் எழுதியிருக்கார். உள்ள இருந்தது ரத்தத்துக்குள்ள வந்துடுச்சு. வெளியிலிருந்து யாரும் கொண்டுபோகணும்னு அவசியமில்ல."

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தாளையும் வரி வரியாகப் பார்த்தார். விரலால் தொட்டுத் தொட்டு, பதினான்கு வரி.

"இன்டர்லாக் போயிருக்கு" என்றார்.

"என்னப்பா?"

"லிஃப்ட் அந்த மாடியில இல்லாதப்ப கதவு திறக்கக் கூடாது. அதுக்கு ஒரு பூட்டு இருக்கு. அது தேஞ்சு போச்சுன்னா, வெளிய இருக்கிறவன் ஒண்ணுமே பண்ண வேண்டாம். கதவு தானா திறந்துக்கும்." அறிக்கையை மடித்தார். "அதுதானே?"

"அதுதான்."

"நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணு. என் கையால போச்சா?"

"இல்லப்பா."

"எத்தனை பர்சென்ட்?"

"தொண்ணூத்தஞ்சு."

"மிச்சம் அஞ்சு?"

"தெரியாதுப்பா. யாருக்கும் தெரியாது."

எழுந்துபோய் ஒரு நோட்டைக் கொண்டுவந்தார். பழைய சர்வீஸ் நோட்டு. நடுப்பக்கத்தில் அம்மாவைச் சேர்த்த தேதி, நேரம், கீழே மருத்துவரின் கேள்வி, சொல் மாறாமல். எதிர்ப்பக்கம் காலி.

"பிடிபடாத ஃபால்ட்டுன்னு ஒண்ணு உண்டு. எல்லாத்தையும் பார்த்தாச்சு, ஒண்ணும் கிடைக்கல. அப்போ என்ன செய்வோம்? காலி லிஃப்டை நூறு தடவை ஓட்டுவோம். நூறுலயும் நிக்கலைன்னா, எழுதி மூடிடுவோம்." பேனாவைத் திறந்தார். "நாலு மாசமா நான் மட்டும் சாப்பிடுறேன். எத்தனை ட்ரிப்?"

"மூணு வேளைன்னா… முந்நூத்தி அறுபது."

"முந்நூத்தி அறுபது."

பலவீனப்பட்ட உடம்பும் அவர் உடம்பும் ஒன்றல்ல. நான் அதைச் சொல்லவில்லை. அவருக்கும் தெரியும். எழுத ஆரம்பித்தார். எழுத்து எழுத்தாக, அச்சுப்போல. சோதித்த இடங்கள்: பன்னிரண்டும், பழைய பஞ்சும். மாற்றிய பாகங்கள்: குழாய், பலகை, துணி. ஃபால்ட் கிடைக்கவில்லை. அதற்குக் கீழே கையெழுத்து. நோட்டைத் திருப்பி என் பக்கம் தள்ளி, "நீயும் போடு" என்றார். போட்டேன்.

அடுத்த ஞாயிறு அத்தை வழக்கம்போல வந்து, வழக்கம்போல பாட்டில் தண்ணீருக்குக் கையை நீட்டியபடி கூடத்தில் உட்கார்ந்தார். பாட்டில் வரவில்லை. உள்ளே மிதிகட்டை கிரீச்சிட்டது. "தரைத்தளம், ஒண்ணு, ரெண்டு…" நாங்கள் பேச்சை நிறுத்தினோம். பன்னிரண்டு, பதிமூன்று. அத்தை என்னைப் பார்த்தார். பத்தொன்பது, இருபது. மிதிகட்டை மறுபடி கிரீச்சிட்டது, தண்ணீர் ஓடி நின்றது. முட்டை உடையும் சத்தம் கேட்டது, பிறகு வெங்காயம் வதங்கும் மணம். பலகை கழுவும் சத்தம், துணி உதறும் சத்தம். வாசல் வழியாகப் பார்த்தேன். மேடையில் மூன்று தட்டு. முட்டையும் ரொட்டியும். ஒரு தட்டிலிருந்து ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டு, சுவரைப் பார்த்தபடி நின்று மெதுவாக மென்றார். விழுங்கினார். கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் கொஞ்ச நேரம் நின்றார்.

"என்ன அண்ணே, எனக்கு எத்தனாவது தட்டு?" என்று அத்தை கூடத்திலிருந்து கேட்டார். குரலில் கேலி முழுதாக வரவில்லை.

அப்பா சமையலறை வாசலுக்கு வந்தார். குறுக்கே நீட்டுகிற அந்தக் கை மேலே போனது. உள்ளங்கையைக் கதவின் விளிம்பில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஒதுங்கி நின்றார்.